ஜூவில் கச்சேரி: டிக்கெட் காசு யானைக்குப் போய்ச் சேருகிறதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் போர்ட்லாந்துக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. இங்கே ஓரிகன் ஜூவில் கோடைக்காலத்தில் திறந்தவெளிக் கச்சேரி நடத்துகிறார்கள். டிக்கெட் வாங்கினால் ஜூவுக்கு உதவியாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பணம் உண்மையிலேயே விலங்குகளுக்குப் போகிறதா? பக்கத்திலேயே அவ்வளவு சத்தம் போட்டால் யானைகளுக்குத் தொந்தரவாக இருக்காதா?"

பணம் போகிறது, ஆனால் டிக்கெட் வழியாகப் போவது குறைவு. சத்தம் தொந்தரவா என்பதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. மேடை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, விலங்குக்கு விலகிப் போக இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. இரண்டையும் விவரமாகப் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஜூவில் பாட்டு என்பது இன்று நேற்று வந்ததல்ல. ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரத்தின் ஓபெரா குழு 1920இல் தொடங்கி 1971 வரை கோடைதோறும் அந்த ஊர் ஜூவில் இருந்த அரங்கில்தான் பாடியது. கதாநாயகி உருகி உருகிப் பாடும் நேரம் பார்த்து மயில் அகவிய கதைகளையும் சிங்கம் குரல் கொடுத்த கதைகளையும் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்போது இதை யாரும் நிதி திரட்டலாகப் பார்க்கவில்லை. ஏசி இல்லாத காலம், மாலைக் காற்று வாங்க ஊரே வந்து கூடிய இடம் ஜூ. பாட்டும் அங்கே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் ஊர் ஜூவில் கோடைக் கச்சேரி 1979இல் ஆரம்பித்தது. அப்போது அதன் பெயர் வாஷிங்டன் பார்க் ஜூ. ஜாஸ் இசையோடு, பெரிய ஆடம்பரம் எதுவும் இல்லாமல், புல்வெளியில் போர்வை விரித்து உட்கார்ந்து கேட்கும் நிகழ்ச்சியாகத்தான் தொடங்கினார்கள். சியாட்டில் வுட்லேண்ட் பார்க் ஜூவில் 'ஜூட்யூன்ஸ்' என்ற பெயரில் 1980களிலிருந்து நடக்கிறது. சிட்னியின் டரோங்கா ஜூவும் மெல்போர்ன் ஜூவும் அவர்களுடைய கோடையில், அதாவது ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான மாதங்களில், அந்திக் கச்சேரிகள் வைக்கின்றன. டரோங்காவில் மேடைக்குப் பின்னால் துறைமுகம் தெரியும். அந்த அழகுக்கு ஈடு கொடுப்பது மற்ற ஜூக்களுக்குச் சிரமம்.

ஓரிகனில் இது ஏன் இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்றால், வானிலைதான் காரணம். ஓராண்டு இருந்துவிட்டீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும்: அக்டோபரில் பிடிக்கும் மழை ஜூன்வரை விட்டு விட்டுப் பெய்யும். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் சொட்டு விழாது. ஜூலையில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. எட்டு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் அந்த இரண்டு மாதத்தில் வெளியே உட்கார எதற்கு வேண்டுமானாலும் காசு கொடுக்கும். கதவு திறந்ததும் பார்க்க வேண்டுமே. ஓடக்கூடாது என்று ஊழியர்கள் சொல்லச் சொல்ல, பெரியவர்களே போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் இடம் பிடிக்க அரை ஓட்டமாக நடப்பார்கள். பத்து நிமிடத்தில் புல்லே தெரியாது. உயரமான நாற்காலி கொண்டு வந்தவர்களை ஓரத்துக்கு அனுப்பிவிடுவார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று.

சரி, பணத்துக்கு வருவோம்.

டிக்கெட் விலையில் பெரும்பகுதி மேடையில் நிற்பவருக்குப் போகிறது. அமெரிக்கக் கச்சேரித் தொழிலில் பேரம் பெரும்பாலும் இப்படித்தான்: இத்தனை டாலர் உறுதித் தொகை, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கலைஞருக்கு அது உண்டு. அதற்கு மேல் வசூலானால், செலவு போக மீதியில் பெரிய பங்கும் அவருக்கே. நடத்துகிறவருக்கு நிற்பது சிறு பங்கு. இந்தப் பக்கம் செலவைப் பாருங்கள்: ஒலி, ஒளிச் சாதன வாடகை, மேடைக் கூலியாட்கள், காவலர்கள், தற்காலிகக் கழிப்பறைகள், காப்பீடு, பாடல்களின் பொது நிகழ்ச்சி உரிமைக்காக ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளுக்குக் கட்டும் கட்டணம், மறுநாள் காலை பார்வையாளர்கள் வருவதற்குள் குப்பையெல்லாம் அள்ளும் செலவு. மழை வந்தாலும் நிகழ்ச்சி உண்டு, பணம் திரும்பக் கிடைக்காது என்று டிக்கெட்டில் போடுவது வெறும் கறார் இல்லை. ஒரே ஒரு ராத்திரி ரத்தானால் அந்தக் கோடையின் லாபமே கரைந்துவிடும்.

அப்படியானால் எதில்தான் பணம் வருகிறது? மூன்று இடங்களில்.

ஒன்று, சாப்பாடும் பீரும். கலைஞரின் பங்கு பொதுவாக டிக்கெட் வசூலில்தான், கடை வசூலில் இல்லை. புல்வெளியில் மூன்று மணி நேரம் உட்காரும் குடும்பம் வாங்குகிற பீட்சா, ஐஸ்கிரீம், பீர் எல்லாமே ஜூவின் கணக்கில் ஏறும். வெளியிலிருந்து மதுபானம் கொண்டுவரக்கூடாது என்ற விதி இருப்பதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

இரண்டு, ஸ்பான்சர்கள். சியாட்டில் ஜூட்யூன்ஸுக்கு முன்னால் பெக்கு என்ற கடன் சங்கத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். மேடை ஏறுவதற்கு முன்பே வந்துவிடும் பணம் இது. கூட்டம் குறைந்தாலும் குறையாது. கச்சேரித் தொடர் நஷ்டப்படாமல் தப்பிப்பது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, உறுப்பினர் அட்டை. டிக்கெட் விற்பனை முதலில் உறுப்பினர்களுக்கு, இரண்டு நாள் கழித்துத்தான் மற்றவர்களுக்கு என்று வைத்துவிட்டால், பிடித்த பாடகருக்காகவே ஆண்டுச் சந்தா கட்டிச் சேருகிறவர்கள் உண்டு. கச்சேரி ஒரு நாளில் முடிந்துவிடும், சந்தா அடுத்த ஆண்டும் வரும். பிள்ளைகள் பெரியவர்களானபின் ஜூ பக்கமே எட்டிப் பார்க்காத ஐம்பது வயதுக்காரர்களைத் திரும்ப உள்ளே இழுப்பதற்கு இதைவிட நல்ல வழி ஜூக்களிடம் இல்லை.

இங்கே ஒரு விஷயம், வரி கட்டும்போது உதவும்: கச்சேரி டிக்கெட் நன்கொடை ஆகாது. அமெரிக்க வரிச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த தொகையில் பதிலுக்குக் கிடைத்த பொருளின் அல்லது சேவையின் நியாயமான சந்தை மதிப்பைக் கழித்து, மிச்சம் இருப்பதைத்தான் நன்கொடையாகக் காட்டலாம். அறுபது டாலர் டிக்கெட்டுக்கு அறுபது டாலர் பெறுமான பாட்டைக் கேட்டுவிட்டீர்கள், கணக்கு சரியாகிவிட்டது. விருந்தோடு சேர்த்து இருநூறு, முன்னூறு டாலருக்கு விற்கும் சிறப்பு இருக்கைகள் இருந்தால், அதில் எவ்வளவு நன்கொடை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 75 டாலருக்கு மேற்பட்ட இத்தகைய கொடுக்கல் வாங்கலில் தொண்டு நிறுவனம் அதைத் தானாகவே தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

கணக்கை நீங்களே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தொண்டு நிறுவனம் நடத்தும் ஜூவாக இருந்தால், உதாரணமாக சியாட்டில், அது ஆண்டுதோறும் வரித் துறையிடம் படிவம் 990 என்ற கணக்கறிக்கையைத் தாக்கல் செய்யும், யாரும் பார்க்கலாம். நிதி திரட்டும் நிகழ்ச்சி என்று காட்டப்பட்டிருந்தால் 'ஷெட்யூல் ஜி' என்ற பக்கத்தில் மொத்த வரவும் நேரடிச் செலவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கே இல்லையென்றால் பதறவேண்டாம். கச்சேரியை வழக்கமான சேவை வருமானத்தில் சேர்த்துக் காட்டுகிறவர்களும் உண்டு. ஓரிகன் ஜூவின் நிலை வேறு. அதன் உரிமையாளர் மெட்ரோ என்ற வட்டார அரசு. மல்ட்னோமா, வாஷிங்டன், கிளாக்கமஸ் ஆகிய மூன்று கவுண்டிகளின் நகரப் பகுதிகள் அதன்கீழ் வருகின்றன. ஜூவுக்காக நன்கொடை வாங்குவது ஓரிகன் ஜூ ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பு. கச்சேரி வரவு செலவை மெட்ரோவின் பட்ஜெட்டில்தான் தேட வேண்டும்.

மெட்ரோ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. "அதுதான் வாக்காளர்கள் கோடிக்கணக்கில் கொடுத்தார்களே, அப்புறம் கச்சேரி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. கொடுத்தார்கள், உண்மைதான். 2008இல் 12.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 2015 டிசம்பரில் திறந்த 'எலிஃபன்ட் லேண்ட்ஸ்' என்ற ஆறு ஏக்கர் யானை வளாகம் அதில் கட்டப்பட்டது. 2024 மே மாதம் மறுபடியும் 38 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டடம் கட்டத்தான் தொடலாம். வைக்கோல் வாங்கவோ, பராமரிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கவோ தொட முடியாது. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும். அந்தத் தீனிக்கு நுழைவுக் கட்டணம், கடை வருமானம், கச்சேரி வருமானம், மெட்ரோவின் பொது நிதி இவைதான் வர வேண்டும். இன்னொன்று, யாரும் வெளிப்படையாகச் சொல்லாத கணக்கு: கோடையில் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து நல்ல பொழுதைக் கழித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுகிறவர்கள். இந்தக் கச்சேரிகளின் உண்மையான வசூல் அங்கேதான் என்பேன். ஒரு ராத்திரியின் லாபத்தை மட்டும் வைத்து இது வெற்றியா தோல்வியா என்று பார்க்கிறவர்கள் தப்பான பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

போர்ட்லாந்துக்கு அந்தப் பாசம் யானையால் வந்தது. 1962 ஏப்ரலில் பேக்கி என்ற ஆண் குட்டி இங்கே பிறந்தது. மேற்கு அரைக்கோளத்தில் 44 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த முதல் யானைக் குட்டி. அதைப் பார்க்க நாடே வந்தது. பேக்கி 2017 பிப்ரவரியில் காசநோயின் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டபோது ஊர் துக்கம் கொண்டாடியதைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

திரட்டிய காசு எங்கே போகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் யானையில்லை, ஆமை. மேற்கத்தியக் குளத்து ஆமை வாஷிங்டன் மாநிலத்தில் 1990 வாக்கில் ஏறத்தாழ நூற்றைம்பதுதான் மிஞ்சியிருந்தன. குஞ்சு பொரித்து வரும்போது ஒரு நாணயத்தின் அளவுதான் இருக்கும். வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட காளைத் தவளை அதை அப்படியே விழுங்கிவிடும். 1991இலிருந்து சியாட்டில் ஜூவும், பின்னர் ஓரிகன் ஜூவும் இந்தக் குஞ்சுகளைக் கொண்டுவந்து குளிர்காலம் முழுக்க விளக்கு வெப்பத்தில் வைத்து வளர்க்கின்றன. காட்டில் குளிர்கால உறக்கத்தில் இருக்க வேண்டிய ஆமை இங்கே தின்றுகொண்டே இருக்கும். ஒன்பது மாதத்தில் மூன்று வயது ஆமையின் அளவுக்கு வந்துவிடும். தவளை வாயில் நுழையாத அளவு வந்ததும் குளத்தில் விட்டுவிடுவார்கள். இதற்கு ஆகிற செலவு மின்சாரம், தீனி, ஆள் சம்பளம். எதற்கும் ஒரு பெயர்ப் பலகை மாட்ட முடியாது, அதனால் பெரிய நன்கொடையாளர் கண்ணில் படாது. பீரும் பீட்சாவும் விற்ற காசு உதவுவது இந்த மாதிரி வேலைகளுக்குத்தான்.

இனி சத்தம்.

இந்தக் கேள்விக்கு போர்ட்லாந்து ஜூவைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் இங்கே வந்து யானைகளோடு ஒரு வாரம் இருந்தார். இசையும் உயிரியலும் படித்தவர், திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்தவர். யானைக்குப் பக்கத்தில் நிற்கும்போது காதில் எதுவும் விழாமல் காற்று மட்டும் அதிர்வதை உணர்ந்தார். சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றபோது ஆர்கன் குழாயின் மிகத் தாழ்ந்த சுரம் உடம்பில் அதிர்ந்தது ஊருக்குத் திரும்பும் வழியில் நினைவுக்கு வந்ததாம். அப்புறம் துணைக்கு ஆட்களையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுவந்து பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓடவிட்டுக் கேட்டபோது யானைகள் பேசுவது கேட்டது. 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான குரல். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. யானை தரை வழியாக வரும் அதிர்வையும் பாதத்தால் உணரும் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கச்சேரியில் தாழ்ந்த சுரத்துக்கென்றே வைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர்கள் வேலை செய்வது ஏறத்தாழ 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. யானைகள் பேசும் எல்லைக்கு ஒட்டி மேலே. எனவே பாடகரின் குரலோ கிட்டாரோ இங்கே பெரிய கவலையில்லை, அந்தத் தாழ்ந்த ஸ்தாயி இடிதான் கவலை. அது எளிதில் அடங்காது. ஊர்த் திருவிழாவில் நாலு தெரு தள்ளிப் பாடும் பாட்டில் சொல் ஒன்றும் புரியாது, 'தும் தும்' மட்டும் ஜன்னல் கண்ணாடியை ஆட்டும் இல்லையா, அதே சமாச்சாரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 30 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 240 மீட்டரில் 82. மரமும் காற்றும் உயர்ந்த சுரங்களை இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், தாழ்ந்த சுரத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும்.

அளக்கிற விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. "எங்கள் கச்சேரி இத்தனை டெசிபலைத் தாண்டாது" என்று சொல்வது வழக்கமாக 'ஏ' அளவுகோலில். அது மனிதக் காதுக்காகச் செய்தது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் எடுக்கும். அந்த எண்ணை வைத்து யானைக்கு நல்லது என்று சொல்ல முடியாது. தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவுகோலில், அதுவும் விலங்கு இருக்கும் இடத்தில் வைத்து அளந்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். நான் ஒரு ஜூவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

குறைக்க வழி இல்லாமல் இல்லை. மேடையின் முகத்தை விலங்குகளுக்கு எதிர்த்திசையில் திருப்பலாம். சப்வூஃபர்களை அடுக்கும் முறையிலேயே பின்பக்கம் போகும் ஒலியைப் பெருமளவு வெட்டலாம். இடி இடிக்கும் இசைக்குழுவை விட்டுவிட்டு நாட்டுப்புறப் பாடகரையோ ஜாஸ் குழுவையோ அழைக்கலாம். ஜூ கச்சேரிகளில் வரும் பெயர்களைக் கவனித்தால் ஏன் அமைதியான ரகமே அதிகம் என்பது புரியும். வயதான ரசிகர்கள், குழந்தைகள், சுற்றியுள்ள குடியிருப்பு என்ற காரணங்களோடு இதுவும் சேர்ந்துதான். எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்குக்குத் தன் விருப்பப்படி உள்ளே போக ஒரு கட்டடமோ, தூரமாய்ப் போக நிலமோ வேண்டும். போர்ட்லாந்து யானை வளாகம் கச்சேரிப் புல்வெளிக்கு அருகிலேயே இருந்தாலும், 2015க்கு முன் சுமார் ஒன்றரை ஏக்கராக இருந்த இடம் ஆறு ஏக்கராக ஆனது இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம்.

எல்லா விலங்கும் யானையில்லை. சான் டியேகோ ஜூவின் பாண்டாக்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், சத்தம் கூடிய நாட்களில் அமைதியின்மை கூடியது தெரிந்தது. பெண் பாண்டா இனச்சேர்க்கைக் காலத்திலும் குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் சத்தத்தைத் தாங்குவது இன்னும் குறைவு. ஆகவே "எங்கள் விலங்குகள் பழகிவிட்டன" என்ற பொத்தாம் பொதுவான பதிலை நான் ஏற்பதில்லை. எந்த விலங்கு, எந்த மாதம், குட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏஇசட்ஏ என்ற அமெரிக்க ஜூக்கள் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள ஜூக்கள் விலங்கு நலனை முறையாக மதிப்பிட்டாக வேண்டும். ஓரிகன் ஜூவுக்கும் சியாட்டிலுக்கும் அந்த அங்கீகாரம் இருக்கிறது.

உண்மையில் சத்தத்தைவிட எனக்குப் பயம் குடித்துவிட்டு அலையும் கூட்டத்தின்மேல். லண்டன் ஜூவில் கோடை வெள்ளிக்கிழமைகளில் 'ஜூ லேட்ஸ்' என்று பெரியவர்களுக்கான இரவு நிகழ்ச்சிகள் நடந்தன. 2014இல் புலிமேல் ஒருவர் பீர் ஊற்றியதாகவும் இன்னொருவர் பென்குயின் குளத்தில் இறங்க முயன்றதாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அது கச்சேரி கூட இல்லை. ஆனால் கையில் கோப்பையோடு கூட்டத்தைக் கூண்டுகளுக்கிடையே இரவில் உலவ விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதும். கூட்டம் புல்வெளியிலேயே இருந்து, விலங்குப் பகுதிகள் அதற்குள் மூடப்பட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. டிக்கெட் வாங்கும் முன் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே என் யோசனை: கச்சேரிக்குப் போவதானால் பாட்டு பிடித்திருக்கிறது என்பதற்காகப் போங்கள், ஜூவின் வருமானம் கொசுறாக வரட்டும். விலங்குகளுக்கென்றே கொடுக்க வேண்டுமானால், அதே அறுபது டாலரை ஃபவுண்டேஷனுக்கு நேரடியாக அனுப்பினால் டிக்கெட்டைவிட அதிகமாகப் போய்ச் சேரும், வரியிலும் காட்டலாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். பிள்ளைகள் இருந்தால் நாலைந்து தடவை போனாலே கட்டிய காசு வந்துவிடும்.

போகும்போது காரை எடுக்காதீர்கள். நிறுத்துமிடம் குறைவு, கச்சேரி நாளில் இன்னும் மோசம். மேக்ஸ் ரயில் ஜூ வாசலுக்கே போகிறது. வாஷிங்டன் பார்க் நிலையம் தரைக்கு 260 அடி கீழே இருக்கிறது, லிஃப்டில்தான் ஏறி இறங்க வேண்டும். கச்சேரி முடிந்ததும் அத்தனை பேரும் அந்த லிஃப்டுக்குத்தான் வருவார்கள் என்பதால், கடைசிப் பாட்டுக்கு முன்பே போர்வையை மடிக்கத் தொடங்குவது உத்தமம்.